மணலில் இருந்தது இரண்டு வகை

முதுகில் அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாவது மாதம், எங்கள் வீட்டு முன்னறையில் இருந்த கடல்நீர்த் தொட்டியின் மணல் பழுப்பாக மாறத் தொடங்கியது. முதல் நாள் ஒரு மூலையில் மட்டும் தேநீர் கொட்டியதுபோல் இருந்தது. நான்கு நாளில் அது பவளங்களின் அடிவரை பரவிவிட்டது. மதியத்தில் விளக்கின் கீழ் அந்தப் பழுப்புப் படலத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் நிற்கும். குழாயால் உறிஞ்சி எடுத்தால் மணல் வெள்ளையாகும். மறுநாள் மதியம் பார்த்தால் பழையபடி இருக்கும்.

அதற்கு முன் எங்கள் ஊரை ஒட்டிய தம்போயில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். முதுகு போன பிறகு, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, நெடுநேரம் உட்காரவும் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலை நின்றது. என் மனைவி சிங்கப்பூரில் ஒரு மின்னணுச் சிப் தொழிற்சாலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. வேலை நாட்களில் விடியுமுன் நாலு மணிக்கு எழுந்து, நாலரைக்கெல்லாம் சாலை முனையில் நின்று கம்பெனி பஸ் ஏறுவாள். சிங்கப்பூர் எல்லைப் பாலத்தின் நெரிசலைத் தாண்டி அவள் வீடு திரும்பும்போது ஒன்பது ஆகியிருக்கும். குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். ஓய்வு நாட்களில் பாதியைத் தூக்கம் எடுத்துக்கொள்ளும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரே கூரையின் கீழ்தான் இருந்தோம். அவள் சமைத்து மூடிவைத்த கறியின் சூட்டிலிருந்து, அவள் எப்போது கிளம்பினாள் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன்.

தொட்டி பல வருடப் பழக்கம். மூன்றடி நீளம். ஒரு ஜோடி கோமாளி மீன், சுத்தியல் தலைபோல் நுனி விரியும் ஒரு பவளம், பொத்தான் பவளங்கள் ஒரு கூட்டம், மணலைத் துழாவும் நத்தைகள் ஏழெட்டு. வேலைக்குப் போன காலத்தில் ஞாயிற்றுக்கிழமைதான் அதற்கான நாள். வீட்டில் முடங்கிய பிறகு தினமும் அதையே துடைத்தேன். வடிகட்டிப் பஞ்சைத் தினமும் மாற்றினேன். பாதி வாளி பாதி வாளியாக உப்பு நீர் கலந்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். மீனுக்குத் தீனியைக் குறைத்தேன். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. அப்படிப்பட்ட தண்ணீரில் எங்கிருந்து இந்தப் பழுப்பு வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் வழக்கமாகப் போகும் மீன் கடையின் முதலாளியான சீனத் தவுக்கேயிடம் படத்தைக் காட்டினேன்.

"அன்னே, இது பாசிலா. ரெண்டு வாரத்துல தானா போய்டும்," என்றார் அரைகுறைத் தமிழில்.

இரண்டு வாரத்தில் நத்தைகள்தான் போயின. காலையில் எழுந்து பார்த்தால் ஒன்று மல்லாந்து கிடக்கும். மூன்றாவது நத்தையை எடுத்துப் போட்ட அன்று, கடல்நீர்த் தொட்டிக்காரர்கள் கூடும் ஓர் இணையக் குழுவில் படம் போட்டுக் கேட்டேன். யார் யாரோ பதில் சொன்னார்கள். சாதாரணப் பாசி என்றார் ஒருவர். டைனோ என்றார் இன்னொருவர். டைனோ என்றால் டைனோஃப்ளாஜெலேட், கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர். அதில் பல வகை. ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு வைத்தியம். கண்ணால் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. "முதலில் மைக்ரோஸ்கோப் வாங்குங்கள், பிறகு மருந்தைப் பற்றிப் பேசலாம்" என்று ஒரே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அவர் சொன்னதுதான் சரியாகப் பட்டது.

முதலில் ஏமாந்தேன். கணினியில் செருகும் பேனா மாதிரியான ஒன்று, ஆயிரம் மடங்கு என்று பெட்டியில் அச்சிட்டிருந்தது. வீட்டு வாசலில் வந்து இறங்கியது. அதில் பார்த்தபோது மணல் கற்கண்டுபோலவும், அதன்மேல் பழுப்பு மாவு பூசியதுபோலவும் தெரிந்தது. அவ்வளவுதான். மாவு எதனால் ஆனது என்று அது காட்டவில்லை.

அதன் பிறகு உட்கார்ந்து படித்தேன். உட்கார்ந்து என்பதைவிட, நின்றும் நடந்தும் படுத்தும் படித்தேன். இரண்டு கண்ணாலும் பொருளை மேடும் பள்ளமுமாகப் பார்க்கிற ஒருவகை இருக்கிறது. ஸ்டீரியோ என்பார்கள். பவளத்தில் ஒட்டும் தட்டைப்புழு, இறால் குஞ்சுபோல் துள்ளும் பூச்சி, நத்தை முட்டை இதற்கெல்லாம் அது போதும், ஆனால் இருபது நாற்பது மடங்கோடு நின்றுவிடும். டைனோவுக்கு நானூறு மடங்கு வேண்டும். அதற்குக் கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு வைத்து, கீழேயிருந்து வெளிச்சம் விட்டுப் பார்க்கும் கூட்டு மைக்ரோஸ்கோப்தான் சரி. பத்து மடங்குக் கண் லென்ஸும் நாற்பது மடங்குக் கீழ் லென்ஸும் சேர்ந்தால் நானூறு. அதற்கு மேலே உள்ள நூறு மடங்கு லென்ஸுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும், நமக்கு அது வேண்டாம். சில்லைத் திருகால் நகர்த்தும் தட்டு இருந்தால் நல்லது, விரலால் தள்ளினால் பார்த்துக்கொண்டிருந்த உயிர் அடுத்த ஊருக்குப் போய்விடும். என் முதுகுக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. கண் வைக்கும் குழாய் சாய்வாக இருக்க வேண்டும், குனியாமல் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்திருந்தேன். என் மனைவி தினமும் அதைக் கடந்து போனாள். அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. களைத்து வருகிறவளிடம் மீன் தொட்டிக் கதையை எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

சிகாமட்டில் ஒரு டியூஷன் நிலையத்தை மூடுகிறார்கள், அறிவியல் சாமான்கள் விற்பனைக்கு என்று விளம்பரம் பார்த்தேன். படத்தில் இரட்டைக் கண் மைக்ரோஸ்கோப் ஒன்று இருந்தது. பஸ் ஏறினேன். மூன்று மணி நேரத்தில் பாதியை நின்றுகொண்டே போனதால் பக்கத்திலிருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

நிலையத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. அறுபது தாண்டியிருக்கும். கடைவீட்டின் கீழ்த்தளம். சுவரில் இடுப்பு உயரத்துக்குக் காவி நிறத்தில் ஒரு கோடு ஓடியது.

"போன வெள்ளத்துல அதுவரைக்கும் வந்துச்சு," என்றார். "மேசை, நாற்காலி, புத்தகம் எல்லாம் போச்சு. இது மேல் தட்டுல இருந்ததால பொழச்சிருச்சு. நீங்க எதுக்கு வாங்குறீங்க? பிள்ளைங்களுக்கா?"

"இல்லைங்க டீச்சர். மீன் தொட்டி வச்சிருக்கேன். மணல்ல என்னமோ வந்திருக்கு. என்னன்னு பாக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. விளக்கைப் போட்டு, ஒவ்வொரு லென்ஸாகத் திருப்பிக் காட்டினார். நாற்பது மடங்கு லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, கீறல் இல்லை பாருங்கள் என்றார். வெங்காயத் தோலை உரித்து ஒரு சில்லில் வைத்தார். செங்கல் அடுக்கியதுபோல் இருந்தது.

"வகுப்புல ஒருத்தன் பாத்துட்டு இருந்தான்னா பின்னால பத்து பேரு 'டீச்சர் நானு, டீச்சர் நானு'ன்னு நிப்பாங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல யாருக்கும் கிடைக்காது," என்றார். பிறகு துணியால் அதைத் துடைத்துக்கொண்டே, "நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாக்கலாம்," என்றார்.

மைலோ கலக்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் அந்தக் காலி அறையில் நின்றபடியே குடித்தோம். அவருக்கும் பேச ஆள் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரிந்தது. நான்தான் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மைக்ரோஸ்கோப் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு வரும் வழியில், இன்னும் அரை மணி நேரம் இருந்திருக்கலாம் என்று பலமுறை தோன்றியது.

வீட்டில் அது எனக்கு வசப்படவில்லை. வெங்காயத் தோலை அவ்வளவு சுலபமாகக் காட்டிய அதே கருவியில் நான் பார்த்தபோது, ஒன்றோடொன்று சேராத இரண்டு வெளிச்ச வட்டங்கள் தெரிந்தன. நடுவில் என் கண்ணிமை மயிரின் நிழல். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் எல்லாம் வெள்ளையாகக் கூசியது. மூன்று நாள் போராடினேன். விளக்குச் சூட்டில் சொட்டு காய்ந்து உப்புப் பொடியாகிவிடும், மறுபடி தொட்டியிலிருந்து எடுத்துவர வேண்டும்.

நான்காம் நாள் அவளுக்கு ஓய்வு. மதியம் எழுந்து வந்தவள், தலைமுடியை முடிந்தபடி என் பின்னால் சற்று நேரம் நின்றாள்.

"தள்ளுங்க," என்றாள்.

தள்ளி நின்றேன். அவள் உட்காரக்கூட இல்லை. இரண்டு கண் குழாய்களையும் கையால் பிடித்து உள்ளே நெருக்கினாள், கொஞ்சம் விரித்தாள், மறுபடி ஒரு மயிரிழை நெருக்கினாள். இடது கண்ணை மூடி வலது கண்ணுக்குத் திருகினாள். பிறகு வலது கண்ணை மூடி, இடது குழாயின் கழுத்தில் இருந்த வளையத்தைத் திருப்பினாள். அப்படி ஒரு வளையம் இருப்பதையே நான் கவனித்திருக்கவில்லை. தட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு சிறு நெம்புகோலைத் தள்ளினாள். கூசிய வெளிச்சம் அடங்கியது.

"என் கண்ணுக்கு வச்சிருக்கேன். உங்களுக்குக் கொஞ்சம் அகலம் கூட வேணும். லைட்ட இவ்வளவு தொறந்து வச்சா ஒண்ணும் தெரியாது. கீழ உள்ளத மூடி வைங்க, அப்பதான் ஓரம் தெரியும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பதினாறு வருஷமா நான் அங்க என்ன வேலை பாக்குறேன்னு நெனச்சீங்க?"

செக்கிங் என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். யாராவது கேட்டால் நானும் செக்கிங் என்றுதான் சொல்வேன். ஒரு மேசை, ஒரு பட்டியல், சரி என்று ஒரு குறி. அப்படித்தான் என் மனத்தில் படம் இருந்தது. பன்னிரண்டு மணி நேரம் அவள் இதேபோன்ற குழாயில்தான் கண் வைத்து உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

"நீயும் பாரேன். என்னமோ ஓடுது," என்றேன்.

"இன்னைக்கு லீவுலா. கண்ணுக்கும் லீவு குடுங்க," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று பிற்பகல் முதன்முறையாகப் பார்த்தேன். பழுப்பு மாவு உயிரோடு இருந்தது. எள் விதைபோல் ஒரு முனை கூர்ந்த உருண்டைகள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத நூலில் கட்டிப்போட்டதுபோல், தன் கூர்முனையை ஊன்றிக்கொண்டு அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. கைத்தொலைபேசியைக் கண் லென்ஸில் வைத்துப் படம் பிடித்துக் குழுவில் போட்டேன். மைக்ரோஸ்கோப் வாங்கச் சொன்ன அதே முகம் தெரியாத மனிதர் பதில் எழுதினார். ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற வகை, நத்தைகளைக் கொன்றது அதன் நஞ்சு. தொட்டி விளக்கு அணைந்ததும் இது மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும், யூவி என்ற புற ஊதா விளக்கு உள்ள குழாய் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டால் செத்துவிடும். அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். உங்கள் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எவ்வளவு? சோதித்துப் பார்த்தேன். இரண்டும் துளிகூட இல்லை. அதுதான் காரணம், வேறு எதுவும் வாழ முடியாத அளவுக்குத் தண்ணீரைப் பட்டினி போட்டிருக்கிறீர்கள் என்று எழுதினார்.

வேலையில்லாத என் கைகள்தான் அதைச் செய்திருந்தன.

யூவி விளக்கு மாட்டினேன். பத்து நாளில் கண்ணாடியிலும் பாறையிலும் இருந்த படலம் போயிற்று. மணலில் மட்டும் போகவில்லை. தினமும் ஒரு சொட்டு எடுப்பேன், பார்ப்பேன், உப்பு அரிக்காமல் தட்டை ஈரத்துணியால் துடைப்பேன். ஒரு நாளில் நான் வாய்திறந்து பேசிய ஒரே வார்த்தை கோமாளி மீனிடம் "நகரு" என்று சொன்னதாக இருக்கும். இன்னும் அசைகிறது, ஆகவே இன்னும் அதே டைனோதான் என்று எழுதிவைத்தேன்.

ஒரு ஞாயிறு சாப்பிடும்போது அவள் சொன்னாள்.

"சிங்கப்பூர்லயே, உட்லண்ட்ஸ்ல ரூம் பாத்திருக்கோம். எங்க லைன்ல உள்ள ரெண்டு பேரு கூட. அடுத்த மாசத்துலேருந்து."

"தினமும் வர மாட்டியா?"

"முடியலங்க. நாலு மணிக்கு எந்திரிக்க ஒடம்பு கேக்க மாட்டேங்குது. பஸ்லயே நாலரை மணி நேரம் போயிருது. லீவுக்கு வருவேன்."

"எல்லா லீவுக்குமா?"

"முடிஞ்சப்ப."

"சரி," என்றேன். அவளுடைய உடம்பைப் பற்றி அவள் சொன்னது அதுதான் முதல்முறை. நான் சரி என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது? ஆனால் போகாதே என்பதற்கும் சரி என்பதற்கும் நடுவில் எத்தனையோ சொற்கள் இருக்கின்றன. அன்று ஒன்றுகூட வரவில்லை.

அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், பெட்டியைக் கட்டிவிட்டு முன்னறைக்கு வந்தாள். நான் சில்லை வைத்துவிட்டுக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் கேட்காமலே குழாய்களைத் தன் கண்ணுக்கு நெருக்கிக்கொண்டாள்.

ஒரு கை திருகில், இன்னொரு கை தட்டில். சில்லை வலமிருந்து இடம், ஒரு வரி கீழே, இடமிருந்து வலம் என்று உழவு ஓட்டுவதுபோல் நகர்த்தினாள். நான் இத்தனை நாளும் கண்ட இடத்தில் பார்த்து நிறுத்திக்கொள்வேன். அவளோ ஒரு மூலையை விடவில்லை.

"ரெண்டு வகை இருக்கு," என்றாள்.

"என்னது?"

"ஒண்ணு நின்ன எடத்துலயே சுத்துது. அது கொஞ்சந்தான் இருக்கு. இன்னொண்ணு சுத்தல, வழுக்கிக்கிட்டுப் போவுது. தட்டையா, பெருசா இருக்கு. முன்னால மூக்கு மாதிரி ஒண்ணு. இங்க முழுக்க அதுதான். நீங்க ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதி வச்சிருக்கீங்க."

நான் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒருமுறை சொன்ன பிறகு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. இத்தனை நாள் அசைவை மட்டும் பார்த்திருக்கிறேன், எப்படி அசைகிறது என்று பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியவே இல்லையே."

"முதல்ல பாத்தத மனசுல வச்சிக்கிட்டா அதுதான் தெரியும். எங்களுக்கு மொத மாசமே சொல்லிக்குடுத்தாங்க. ஒரு தப்பக் கண்டுபுடிச்ச ஒடனே அடுத்த தப்பு ஒளிஞ்சிக்கும்."

அன்று மாலை நாற்பது நிமிடம் போல அந்த மேசையருகே இருந்தோம். கூர்முனைகொண்ட ஒரு நீண்ட புழு குறுக்கே ஓடியபோது அவள் "அலமாக்!" என்று பின்வாங்கிச் சிரித்தாள். அவள் கண்களுக்குக் கீழே, குழாயின் ரப்பர் வளையம் அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது. அந்தத் தடத்தை வருடக்கணக்கில் அவள் முகத்தில் பார்த்திருக்கிறேன். தூக்கமின்மை என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் போய்விட்டாள்.

புதிய வகை ஆம்ஃபிடினியம் என்று குழு நண்பர் உறுதி செய்தார். இது மணலை விட்டு மேலே வராது, யூவி இதை ஒன்றும் செய்யாது. இதை வெல்ல வேண்டுமானால் இதன் இடத்தைப் பிடிக்க வேறு உயிர்களை வளர்க்க வேண்டும். துடைப்பதை நிறுத்துங்கள், தீனியைக் கூட்டுங்கள், சிலிக்கேட் சொட்டுவிட்டு நல்ல பாசியை வரவிடுங்கள் என்றார். தொட்டியை அழுக்காக விடுவது எனக்கு முதுகுவலியைவிடக் கடினமாக இருந்தது. காலையில் துணியை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் நிற்பேன், பிறகு அதை மடித்து வைத்துவிடுவேன். வீட்டில் செய்வதற்கு வேறு எதுவும் இருக்காது. எதிர்வீட்டுக் கார் கிளம்பும் சத்தம், பிறகு பம்பின் சத்தம் மட்டும்.

மணல் முன்னைவிடப் பழுப்பானது. ஆனால் சில்லில் இப்போது படகு வடிவத்தில் தங்கநிறப் பாசிகள் வந்தன. வழுக்கிப் போகிறவை வாரத்துக்கு வாரம் குறைந்தன. ஒவ்வொரு வாரமும் படம் பிடித்து அவளுக்கு அனுப்பினேன். மதிய இடைவேளையில்தான் பதில் வரும். "கொறஞ்சிருக்கு." "ஓரத்துல ஒண்ணு இருக்கு, பாக்கலயா?" "போகஸ் சரியில்ல." அந்த வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்ததை அவளிடம் சொன்னதில்லை.

நான்காம் மாதம் மணல் வெளுத்தது. ஒரு முழுச் சில்லை வரி வரியாக நகர்த்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. புது நத்தைகள் ஆறு வாங்கி விட்டேன், எல்லாம் பிழைத்தன. தொட்டி குணமானதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவளுக்கு அனுப்ப எதுவும் இல்லாமல் போயிற்று. அந்த வாரம் எங்களிடையே ஒரு செய்திகூடப் போகவில்லை. அந்த மாதத்தில் அவள் ஒரே ஒரு முறைதான் வந்தாள், வந்தும் தூங்கிப் போனாள்.

அடுத்த மாதம் நான் எல்லை தாண்டக் கடப்பிதழை எடுத்துக்கொண்டு உட்லண்ட்ஸுக்குப் போனேன். பதினாறு வருடத்தில் அவள் வேலைசெய்யும் பக்கம் போனது அதுவே முதல் தடவை. அறைக்கு வெளியாட்களை விடமாட்டார்கள் என்பதால், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கல் மேசை ஒன்றில் உட்கார்ந்தோம். அவள் கடையில் தப்பாவ் பொட்டலமாக வாங்கி வைத்திருந்த பிரியாணியைப் பிரித்தாள்.

"மீன் எப்படி இருக்கு?" என்றாள்.

"நல்லா இருக்கு. நீ சொல்லு. அந்தக் குழாயில நீ என்ன பாப்ப? எப்படி இருக்கும்?"

அவள் என்னை ஐயத்தோடு பார்த்தாள். நான் உண்மையிலேயே கேட்கிறேன் என்று தெரிந்த பிறகு கையை நக்கிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். சிப்களாக வெட்டப்படப் போகும் தட்டு அளவு வட்டம், அதில் ஆயிரக்கணக்கில் கட்டம், சாய்த்தால் பச்சை, ஊதா, பொன்னிறம் மாறி மாறி ஓடும். ஒரு கீறல் சில நேரம் மயிர்போல் இருக்கும், சில நேரம் வால் நட்சத்திரம்போல் இருக்கும். மதியம் மூன்று மணிக்குக் கட்டங்கள் தானாக நகர்வதுபோல் தோன்றும், அப்போது எழுந்து போய் முகம் கழுவ வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருக்கிறவளிடம் பேசக் கூடாது. வாய் துணியால் மூடியிருக்கும், யாருடைய முகமும் முழுதாகத் தெரியாது. புதிதில் குளியலறையில் போய் அழுதிருக்கிறாள்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கல. நானும் சொல்லல."

சோறு ஆறிப்போயிற்று. அவள் இன்னும் சொன்னாள், நான் கேட்டேன். ஆறு மணிக்கு அவளுடைய அறைத்தோழிகள் கடைக்குப் போக அழைத்தார்கள். என்னைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். இந்தச் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றாள்.

பாலத்து நெரிசலில் பஸ் நகரவே இல்லை. எனக்கு முன்னாலும் பின்னாலும் அவளைப் போன்றவர்கள், தலையைக் கம்பியில் சாய்த்து நின்றபடியே தூங்கினார்கள். முதுகு வலித்தது. உட்கார இடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.